இழுப்பதா, முடிப்பதா? டர்பனிலிருந்து ஒரு தொடர்க் கணக்கு

சென்னையில் இரவு ஒன்பதரை என்றால் டர்பனில் மாலை ஆறு. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழ்கிற எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில் யார் எந்தத் தொடரைப் பார்ப்பது என்பதை இந்த மூன்றரை மணி நேர வித்தியாசமே முடிவு செய்துவிடுகிறது. தமிழ்நாட்டில் குடும்பமே கூடி உட்காருகிற நேரத்துத் தொடர்கள் இங்கே பிற்பகல் இரண்டரைக்கு ஆரம்பித்து ஏழு மணிக்குள் ஓடி முடிந்துவிடும். அந்நேரம் வீட்டில் இருப்பது ஆயாவும் (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும்தான். வேலைக்குப் போனவர்கள் வந்து, குளித்து, சாப்பிட்டு உட்காரும்போது உள்ளூர்த் தொடர்களின் நேரம் வந்துவிடும். தென்னாப்பிரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான எஸ்.ஏ.பி.சி. 1-இல் எட்டு மணிக்கு ‘ஜெனரேஷன்ஸ்’, எட்டரைக்கு ‘உசாலோ’. அதுவும் முடிந்த பிறகு தூக்கம் வராதவர்கள் கைப்பேசியை எடுத்து, எட்டே பகுதியில் முடிகிற வலைத்தொடர் ஒன்றைப் பார்ப்பார்கள்.

ஆக ஒரே கூரைக்குக் கீழே ஆயிரம் பகுதி ஓடுவதும் இருக்கிறது, எட்டில் முடிவதும் இருக்கிறது. டிஷ்ஷுக்குத் தனிக்கட்டணம், வலைத்தொடர்த் தளத்துக்குத் தனிச் சந்தா, அதைப் பார்க்க டேட்டாச் செலவு. மாதக் கடைசியில் எதை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது என்ற பேச்சு வரும்போதெல்லாம், தொடர் நீளமாக ஓடுவது நல்லதா, சீக்கிரம் முடிவது நல்லதா என்ற சண்டையும் கூடவே வந்துவிடும். இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நீளத் தொடர்களைத் திட்டுவது சுலபம். அந்தத் திட்டில் பாதி நியாயமும் இருக்கிறது. மாமியார் காபித் தட்டோடு அறைக்குள் நுழைகிறாள். மருமகள் எதையோ மறைக்கிறாள். மாமியார் முகம் மூன்று தடவை மூன்று கோணத்தில் வரும், பின்னணியில் இடி இடிக்கும், அப்புறம் கூடத்தில் இருக்கிற ஒவ்வொருவர் முகமாகப் போகும். தட்டு மேசைக்கு வருவதற்குள் ‘தொடரும்’ என்று போட்டுவிடுவார்கள். மறுநாள் முதல் மூன்று நிமிடம் அதே தட்டுதான்.

ஆனால் அதே காட்சியை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் வளர்கிற பிள்ளைக்கு வீட்டிலும் ஆங்கிலம், பள்ளியிலும் ஆங்கிலம். தமிழ் என்பது கோயிலில் தேவாரமாகவும், காவடிப் பாட்டாகவும், ஆயாவின் வாயில் நாலைந்து வசவாகவும் மட்டுமே காதில் விழும். அந்தப் பிள்ளைக்கு மெதுவாகப் பேசுகிற, சொன்னதையே திரும்பச் சொல்கிற, சொல்லும்போது முகத்தைப் பெரிதாகக் காட்டுகிற தொடர்தான் வசதி. “எங்கே போயிட்டு வர்றே?” என்ற கேள்வியை ஒரு வாரத்தில் பத்து தடவை, பத்து விதமான கோபத்தில் கேட்டால் அது மனதில் நின்றுவிடும். பாடப்புத்தகம் இந்த வேலையைச் செய்யாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் தமிழ் புரிந்துகொள்கிறவர்களைக் கேட்டால், முக்கால்வாசிப் பேர் ஆயா மடியில் உட்கார்ந்து சீரியல் பார்த்து வந்தவர்களாக இருப்பார்கள். இழுவை என்று நாம் திட்டுவதுதான் அவர்களுக்குப் பாடம்.

இன்னொரு வசதி, தவறவிடலாம் என்பது. 2023-இல் லோட்ஷெடிங் (பகுதி பகுதியாக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மின்சாரம் போகும், போனால் இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த வருஷம் நீளத் தொடர் பார்த்தவர்கள் எதையும் இழக்கவில்லை. நாலு நாள் கழித்து வந்து பார்த்தாலும் அதே கூடம், அதே சண்டை, விவரம் கேட்டால் சொல்ல ஆயா. எட்டுப் பகுதித் தொடரில் நாலாவதைத் தவறவிட்டு ஐந்தாவதைப் பார்க்க முடியுமா? செத்தவன் யார் என்றே தெரியாது.

நீளத்தின் மூன்றாவது நன்மையை இந்த ஊரில் இருந்து பார்த்தால்தான் தெரியும். வருஷக்கணக்கில் ஓடுகிற தொடருக்குப் பழைய குடும்பங்களை வைத்துக்கொண்டு மட்டும் ஓட்ட முடியாது. புதிதாக யாராவது வந்தே ஆகவேண்டும். அப்படித்தான் எங்களைப் போன்றவர்களுக்கும் உள்ளே இடம் கிடைக்கிறது. சுரங்க ஊர் ஒன்றைச் சுற்றி நடந்த ‘இசிடிங்கோ’வில் பிற்பாடு இந்தியக் குடும்பம் வந்தது. 2018-இல் ஆரம்பித்த ‘இம்பேவு’ டர்பனில் நடக்கிற கதை என்பதால் அதில் சூலுக் குடும்பத்துக்குப் பக்கத்திலேயே ராம்பர்சாத் குடும்பமும் இருந்தது. டர்பன் நடிகை லியாண்டா ரெட்டி அதில் நடித்தார். எட்டுப் பகுதியில் இறுக்கமாகச் சொல்கிற கதையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை கிடையாது. கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். நீளத் தொடரில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கடன், ஒரு கள்ளக்காதல், ஒரு கல்யாணம் எல்லாம் வந்துவிடும்.

சரி, இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் எரிச்சல் வருகிறது? பகுதி எண்ணிக்கையால் அல்ல என்பது என் எண்ணம். இரண்டு பழைய சன் டிவி தொடர்களை வைத்துச் சொல்கிறேன்.

‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை 811 பகுதிகள் ஓடியது. மனைவியை இழந்த சிதம்பரம், அவருக்கு ஐந்து பெண்கள்: தனம், சரோஜா, லீலா, விஜி, பவானி. ஐந்து பேரையும் கட்டிக்கொடுத்து, அவர்கள் போன இடத்தில் படுகிற பாட்டைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் கதை. சரோஜாவை அவள் மாமியார் படுத்திய பாடு இன்றும் எங்கள் கல்யாண வீடுகளில் பேசப்படுகிறது. 811 என்பது சின்ன எண் அல்ல. ஆனால் ஐந்து பெண், ஐந்து வீடு என்று முதல் வாரமே நம் கையில் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டார் இயக்குநர் திருமுருகன். எத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். அதனால்தான் 2020 ஊரடங்கில் திரும்பப் போட்டபோதும் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

‘கோலங்கள்’ 2003 கடைசியில் ஆரம்பித்து 2009 கடைசியில் முடிந்தது. 1,533 பகுதிகள். தேவயானியின் அபிக்கு ரசிகர் கூட்டம் இங்கேயும் இருந்தது, நானும் அதில் ஒருத்தி. ஆனால் அதன் மையம் அபிக்கும் வில்லன் ஆதிக்கும் நடக்கிற பகை. பகை என்பது எண்ணி முடிக்கிற சாமான் இல்லை. அவன் ஒரு சதி செய்வான், இவள் மீள்வாள். மறுபடி ஒரு சதி, மறுபடி மீட்சி. ஆறு வருஷம் அப்படிப் போனால் வில்லனைப் பார்த்து பயம் போய் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது, தெருமுனையில் தினமும் பார்க்கிற ஆள் மாதிரி. நல்ல நடிப்பு, நல்ல வசனம் எல்லாம் இருந்தும் பாதியிலேயே முடித்திருக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கதை என்ன கேள்வி கேட்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நீளம் தாங்கும், தாங்காது என்பது. ஒரே கேள்வி என்றால் அதற்குப் பதில் கிடைத்ததும் கிளம்பிவிட வேண்டும். ‘இந்த ஊரில் அடுத்து என்ன நடக்கும்’ என்பது கேள்வியானால் ஊர் இருக்கிற வரைக்கும் ஓட்டலாம். ‘உசாலோ’ இதற்கு நல்ல உதாரணம். டர்பனுக்கு வடக்கே, ஃபீனிக்ஸுக்குப் பக்கத்துக் குவாமாஷுவில் நடக்கிற கதை, 2015-இல் ஆரம்பித்தது. ஒரு பக்கம் போதகர் குடும்பம், மறுபக்கம் கார் திருட்டுக் கும்பலின் தலைவன் குடும்பம், இரண்டு வீட்டுப் பையன்களும் பிறந்தபோதே ஆஸ்பத்திரியில் மாறிப்போனவர்கள். குழந்தை மாறிப்போன கதை நம் ஊர்ச் சினிமாவில் பார்த்துச் சலித்ததுதான். அந்த முடிச்சை மட்டுமே நம்பியிருந்தால் ‘உசாலோ’ எப்போதோ காலி. முடிச்சை அவிழ்த்துவிட்டு, குவாமாஷுவையே கதையாக வைத்துக்கொண்டார்கள். பிறகு வந்த கதைகளில் ஏற்ற இறக்கம் நிறைய உண்டு. ஆனாலும் ‘எதற்கு இன்னும் ஓடுகிறது’ என்று கேட்கத் தோன்றவில்லை.

தயாரிக்கிறவர் பக்கத்துக் கணக்கு வேறு. தினத்தொடருக்கு வீட்டு செட் ஒரு தடவை போட்டால் போதும். ஆயிரம் பகுதிக்கும் அதே சோபா, அதே மாடிப்படி. பகுதி கூடக் கூட ஒரு பகுதிக்கான செலவு இறங்கும். விளம்பரதாரருக்குத் தெரிந்த நேரம், தெரிந்த கூட்டம். புதுத்தொடர் ஆரம்பித்தால் அந்தக் கூட்டம் ஒட்டுமா ஒட்டாதா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் நன்றாக ஓடுகிற தொடரை நிறுத்த எந்தத் தொலைக்காட்சிக்கும் கை வராது. நடிகருக்கும் அது மாதச் சம்பளம். ஆனால் நீளம் கூடினால் சம்பளப் பேச்சும் கூடவே வரும். 2014 ஆகஸ்டில் ‘ஜெனரேஷன்ஸ்’ நடிகர்கள் 16 பேர் சம்பளமும் ஒப்பந்தமும் சரியில்லை என்று வேலைக்கு வராமல் நின்றார்கள். பதினாறு பேரையும் ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள். தொடர் இரண்டு மாதம் நின்று, டிசம்பரில் ‘தி லெகசி’ என்று பெயருக்கு ஒரு வால் சேர்ந்து புது முகங்களோடு வந்தது. இருபது வருஷமாகப் பார்த்த முகங்களுக்கு ஒரு ஒழுங்கான விடை கூடக் கிடைக்கவில்லை.

தமிழில் இது இன்னும் சுருக்கமாக நடக்கும். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையின் அடியில் ஒரு வரி, முடிந்தது. ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரனை மாரிமுத்து தன் குரலாலேயே தூக்கி நிறுத்தியிருந்தார். அவர் 2023 செப்டம்பரில் காலமானார். பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை எடுத்துக்கொண்டார். பெரிய நடிகர்தான், ஆனால் பாத்திரம் முதல் ஆளின் தொண்டைக்காகத் தைத்த சட்டை. ஒரு வருஷத்துக்குள்ளேயே, 2024 ஜூனில், தொடர் முடிந்தது. சுருக்கமான தொடருக்கு இந்த ஆபத்து குறைவு. எடுத்து முடித்த பிறகுதான் அது நம்மிடம் வரும்.

சுருக்கமான தொடர் என்றதும் எனக்கு ‘அயலி’தான் ஞாபகம் வரும். 2023-இல் ஜீ5-இல் வந்தது, எட்டுப் பகுதிகள். தொண்ணூறுகளில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பெண் வயசுக்கு வந்துவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கிற ஊர். டாக்டராக ஆசைப்படுகிற தமிழ்ச்செல்வி, தான் வயசுக்கு வந்ததையே ஊரிடமிருந்து மறைக்கிறாள். மறைப்பது எத்தனை நாள் முடியும்? எட்டுப் பகுதி முழுக்க அந்த ஒரே பதைப்புதான். இதையே தினத்தொடராக எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருபதாம் பகுதியில் பக்கத்து வீட்டு அத்தைக்குச் சந்தேகம், நாற்பதில் சாமியாடி குறி சொல்வது, நூறில் தாய்மாமன் துபாயிலிருந்து வருவது. பதைப்பு போய் அலுப்பு வந்திருக்கும். மறைக்கிற கதை, துப்பறிகிற கதை, பழிவாங்குகிற கதை மூன்றும் நீளத்தைத் தாங்காது. அமேசான் பிரைமில் 2022-இல் வந்த ‘சுழல்’, அதே வருஷம் ஜீ5-இல் ஏழு பகுதியாக வந்த ‘விலங்கு’ எல்லாமே அந்த அளவில் நின்றதால்தான் நின்றன.

எங்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. இந்தத் தொடர்களில் ஆங்கிலத்தில் வசன எழுத்து ஓடும். டிஷ்ஷில் வருகிற தினத்தொடர்களில் பெரும்பாலும் ஓடாது. தமிழ் அரைகுறையாகத் தெரிந்த என் மருமகனும், தெரியவே தெரியாத அவன் சிநேகிதர்களும் ‘அயலி’யை உட்கார்ந்து முழுக்கப் பார்த்தது அதனால்தான். ஆனால் ஒன்று, எழுத்து ஓடினால் கண் எழுத்திலேயே இருக்கும், காது மூடிக்கொள்ளும். கதை புரியும், தமிழ் ஒட்டாது. தவிர புதுக்கோட்டை வட்டாரப் பேச்சு சாட்ஸ்வொர்த் பிள்ளைக்கு ஓடுகிற ரயிலைப் பிடிக்கிற மாதிரி. அந்த விஷயத்தில் காபித் தட்டு மாமியார்தான் நல்ல டீச்சர்.

சுருங்கினால் பாதிப்பு குறையும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1999-இல் எஸ்.ஏ.பி.சி.யில் வந்த ‘யீசோ யீசோ’, டவுன்ஷிப் (கறுப்பின மக்களின் நகர்ப்புறக் குடியிருப்பு) பள்ளி ஒன்றில் நடக்கிற வன்முறையை மூடிமறைக்காமல் காட்டியது. முதல் பருவம் 13 பகுதிகள்தான், மொத்தமே மூன்று பருவங்கள்தான். இரண்டாம் பருவம் வந்தபோது நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. இன்றைக்கும் நாற்பது வயதைத் தாண்டிய கறுப்பினச் சகாக்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் வேலை அரை மணி நேரம் நிற்கும்.

நன்றாக முடிந்ததா என்பதைவிட, முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னார்களா என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1998 முதல் ஓடிய ‘இசிடிங்கோ’வை நிறுத்தப்போவதாக 2019 நவம்பரில் அறிவித்தார்கள். பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வருமானமும் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். 2020 மார்ச்சில் கடைசிப் பகுதி. இருபத்தொரு வருஷக் கதையை முடிக்க நாலு மாதம்! இருபது பேர் வாழ்க்கையை அதற்குள் எப்படிக் கட்டி முடிப்பது? இதற்கு நேர் எதிராக, அமெரிக்காவின் ‘லாஸ்ட்’ தொடர்க்காரர்கள் 2007-லேயே ‘2010-இல் முடிப்போம்’ என்று அறிவித்துவிட்டார்கள். அதன் கடைசிப் பகுதியைப் பிடிக்காதவர்கள் உலகம் முழுக்க உண்டு, அது வேறு பேச்சு. ஆனால் அந்த மூன்று வருஷமும் எழுதுகிறவருக்கு எங்கே போய்ச் சேரவேண்டும் என்று தெரிந்திருந்தது, பார்க்கிறவருக்கும் தெரிந்திருந்தது. தமிழ்த் தொடர்களில் முடிவு என்பது வழக்கமாக கடைசி வாரத்தில் வருகிற செய்தி. ஆறு வருஷமாக ஜெயித்துக்கொண்டிருந்த வில்லி ஐந்தே நாளில் திருந்தி, எல்லாரும் குடும்பப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது தமிழில் மூன்றாவதாக ஒரு வழியும் வந்துவிட்டது. கதையை முடித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது. விஜய் டிவியின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2018-இல் அண்ணன் தம்பிகள் கதையாக ஆரம்பித்து 2023-இல் முடிந்தது. முடிந்த கையோடு அதே பெயரில் இரண்டாம் பாகம் என்று, ஸ்டாலினையே இந்தத் தடவை அப்பாவாக வைத்து, அப்பாவுக்கும் மகன்களுக்குமான வேறு கதை. கடைப் பெயர் பழையது, சரக்கு புதியது. நேரத்துக்கு வருகிற கூட்டமும் கலையவில்லை, முதல் கதைக்கு முடிவும் கிடைத்தது. குறை என்னவென்றால் ஐந்து வருஷம் கழித்துத்தான் அந்தப் புத்தி வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு கதை என்று வைத்திருந்தால் நீளத்தின் சௌகரியமும் கிடைத்திருக்கும், சுருக்கத்தின் வேகமும் கிடைத்திருக்கும்.

ஜீ வேர்ல்டு பற்றியும் ஒரு வரி. 2015 முதல் இந்தித் தொடர்களை ஆங்கிலத்தில் குரல் மாற்றி ஆப்பிரிக்காவுக்குப் போடுகிறது. இந்தியாவில் எப்போதோ ஓடியவை இங்கே தாமதமாக வருவதால், எத்தனை பகுதி, யார் சாகிறார் என்று இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டே உட்காரலாம். எங்கள் மருத்துவமனையில் வேலை பார்க்கிற சூலுச் சகோதரிகள் அப்படித்தான் பார்க்கிறார்கள். முடிவு தெரிந்ததால் அவர்களுக்குச் சுவை ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆக, வீட்டுக்கு எது? ஆயாவோ, தமிழ் காதில் விழவேண்டிய பிள்ளையோ வீட்டில் இருந்தால் டிஷ்ஷை நிறுத்தாதீர்கள். அதில் ஊரையோ கூட்டுக்குடும்பத்தையோ சுற்றி வருகிற தொடர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி மீது ஒருவன் வைத்த பகையையே நம்பி ஓடுகிற தொடரை நூறு பகுதிக்கு மேல் தொடரத் தேவையில்லை. இருவருமே வேலைக்குப் போய், எட்டு மணிக்குமேல்தான் கண் திறந்து உட்காருகிற வீடு என்றால் வலைத்தொடர்ச் சந்தா போதும். அதையும் வருஷம் முழுக்கக் கட்டவேண்டியதில்லை, பார்க்க நாலைந்து தொடர் சேர்ந்த பிறகு ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். நான் புரட்டாசியில்தான் கட்டுகிறேன். அந்த மாதம் விரதம் என்பதால் விருந்தும் வெளியே போவதும் குறைவு, ராத்திரி கொஞ்சம் நேரம் மிஞ்சும். டிஷ்ஷை நிறுத்தும் பேச்சை மட்டும் ஆயா காதுபட எடுப்பதில்லை.